சார்வரி வருஷத்துக் குள்ளச்சி

நான் குள்ளச்சியாகத்தான் இருப்பேன் என்று சொன்னதும் மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யோசித்துத்தான் சொன்னேன். பிறந்ததிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம், தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தினால் பயம், யாராவது 'உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமே' என்று ஆரம்பித்தால் பயம். அந்த விளையாட்டுப் புத்தகத்தில் குள்ளர் இனத்துக்கு இருட்டில் கண் தெரியும், விஷம் சட்டென்று ஏறாது, மந்திரம் அவ்வளவாகப் பலிக்காது என்று போட்டிருந்தது. பயந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

தென்காசியில் நான் பிளஸ் டூ முடித்து, தபால் வழியில் பி.ஏ. சேர்ந்து, காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு தெரு தள்ளி ஒரு சிநேகிதி. அவள் அண்ணன் துபாயில் இருந்ததால், மதுரையைத் தாண்டிப் போகாத அவளுக்கு நாங்கள் 'துபாய்க்காரி' என்று பேர் வைத்திருந்தோம். இன்னொருத்தி ஜோசியர் மகள். துபாயில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களில் ஒரு அட்டைப்பெட்டி இருந்ததாம். அண்ணன் அதை மற்ற சாமான்களோடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே ஒரு புத்தகம், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள்.

பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு கதை சொல்லிக்கொள்ளும் விளையாட்டு அது. ஒருத்தி கதையை நடத்துவாள். 'குகை வாசல்ல நிக்கீங்க, உள்ள என்னமோ உறுமுது, என்ன செய்யுதீங்க?' என்பாள். நாம் செய்வதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துப் பிழைப்போம், அல்லது சாவோம். ஆங்கிலம் நன்றாகப் படிப்பவள் துபாய்க்காரிதான் என்பதால் அவளே நடத்தினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்காருவோம்.

முதலில் எந்த இனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். துபாய்க்காரி பக்கம் பக்கமாகப் படித்து விளக்கினாள். எல்ஃப் என்று ஒரு இனம். மெலிந்த உடம்பு, கூர்மையான காது, காட்டில் வாசம், ஆயிரம் வருஷம் ஆயுசு. குள்ளர் மலையைக் குடைந்து வாழ்பவர்கள், முந்நூற்றைம்பது வருஷம் ஆயுசு. இடுப்பளவு உயரத்தில் இன்னொரு இனம், செருப்புப் போடாது, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடும். அப்பா ஒரு இனமும் அம்மா ஒரு இனமுமாகப் பிறந்தவர்களும் உண்டு. அவர்களை இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாது என்று போட்டிருந்தது. அது எங்களுக்கு விளக்காமலே விளங்கியது. சாதி என்ற சொல்லை மட்டும் அந்த மாடியில் நாங்கள் எடுக்கவில்லை. கீழே தெருவில் கிடைத்ததே மூன்று பேருக்கும் போதும் போதுமென்று இருந்தது.

"மனுஷங்களுக்கு விசேஷமா ஒண்ணும் கிடையாது" என்று துபாய்க்காரி கடைசிப் பக்கத்தைப் படித்தாள். "ஆனா அவங்க என்ன வேணும்னாலும் ஆகலாமாம்."

"என்ன வேணும்னாலுமா? எழுதினவன் தென்காசிப் பக்கம் வந்ததே இல்ல போலிருக்கு" என்றாள் ஜோசியர் மகள். விடிகாலை நாலு மணிக்கு அவள் அப்பா அவளை எழுப்பிவிடுவார். எல்ஃப் இனத்துக்குத் தூக்க மந்திரமே பலிக்காது என்று கேட்டதும் அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

துபாய்க்காரி ஒரு விதியை இரண்டு தடவை படித்தாள். தொழிலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இனத்தை மாற்ற முடியாது. எழுதினால் எழுதினதுதான்.

அடுத்து வலிமை, புத்தி, சாமர்த்தியம் என்று ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டி எண் போட வேண்டும். அங்கேதான் ஜோசியர் மகள் முரண்டு பிடித்தாள். "தாயம் உருட்டி ஒருத்தி தலையெழுத்த எழுதுவியா நீ? நல்லா இருக்கே நியாயம்! வலிமைன்னா செவ்வாய், புத்தின்னா புதன். ஜாதகம் கணிச்சா தானா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாள். துபாய்க்காரி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஜாதகம் எழுதுவது என்று முடிவாயிற்று. உலகத்தில் வேறு எங்கேயும் இந்த விளையாட்டை இப்படி ஆடியிருக்க மாட்டார்கள்.

பொய் ஜாதகம் எழுதினால் கை விளங்காமல் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அதனால் நிஜமான நாளும் நிஜமான கிரக நிலையும் வேண்டும் என்றாள். குள்ளர் இனத்தில் அறுபது எழுபது வயதைத் தாண்டினால்தான் குமரி. என் குள்ளச்சிக்கு எண்பத்து நாலு வயது என்று வைத்தோம்; அவள் விவரங்களை என் நோட்டில் குறித்து, புத்தகத்துப் படத்தையும் பார்த்து வரைந்துகொண்டேன். "சதாபிஷேகம் முடிஞ்ச குமரு" என்று துபாய்க்காரி கேலி பண்ணினாள். ஜோசியர் மகள் தன் அப்பாவின் பெட்டியிலிருந்து, தொட்டால் உதிர்கிற பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்து வந்து கணித்தாள். சார்வரி வருஷம், தை மாதம், உத்திர நட்சத்திரம். மூன்றாம் இடத்தில் செவ்வாய், தைரியசாலி. ஒரே ஒரு சிக்கல்தான். கிரக தசை எல்லாம் கூட்டினாலும் நூற்றிருபது வருஷம்தான் வரும், குள்ளச்சிக்கோ ஆயுசு முந்நூற்றைம்பது. மூன்று சுற்றுப் போகட்டும் என்று தீர்மானித்தாள். "பாவம்ட்டி, இவளுக்குப் பன்னெண்டு தடவ ஏழரைச் சனி வரும். எனக்கு முப்பத்து மூணு தடவ. அந்தப் படத்துல எல்ஃப் எதுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கான்னே தெரியல" என்றாள்.

கணித்ததை நான்தான் சுத்தமாக எழுதினேன். அது எனக்குப் பழக்கமான வேலை. வீட்டில் என் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜாதகத்தை அப்பா சொல்லிச் சொல்லி எத்தனை தடவை நகல் எடுத்திருப்பேனோ! இரண்டு கட்டம் போட்டு, மேலே 'பெண் ஜாதகம்' என்று எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவேன். குள்ளச்சிக்கும் கை தானாக அதையே செய்தது. மஞ்சளும் தடவினேன், வேடிக்கைக்கு. எங்கள் வீட்டு ஜாதகங்களில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. எழுதியதை அப்பா கண்ணில் பட்டால் திட்டுவாரே என்று, அக்காவின் நகல்கள் இருந்த பஞ்சாங்கத்துக்குள்ளேயே வைத்தேன். ஒரே மாதிரி காகிதம், ஒரே கையெழுத்து. அங்கே இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று என் புத்தி.

அக்காவுக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். அவளைப் பற்றி இந்த ஊரில் யாரும் வேறெதுவும் பேசவில்லை. நர்சரிப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தாள், தையல் தெரியும், வாய் நிறையச் சிரிப்பாள். எல்லாம் இருந்து என்ன, ஜாதகம் போகும், பத்து நாளில் கார்டு வரும். செவ்வாய் தோஷம், மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது, மன்னிக்கவும். தபால்காரர் சைக்கிள் நின்றால் எனக்குப் பயம் வந்தது இதனால்தான். கார்டை அக்கா கையில் கொடுக்காமல் ஒளிக்க ஓடுவேன். அவள் எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள்.

ஒரு நாள் மாடியில் குகைக்குள் நுழைந்துவிட்டு நான் வீடு திரும்பினேன். அப்பா சந்தோஷமாக இருந்தார். தரகர் அண்ணாச்சி வந்து போனாராம். சுந்தரபாண்டியபுரத்து வரன், அம்பாசமுத்திரத்தில் ஹைஸ்கூல் அறிவியல் வாத்தியார். ஜாதகம் கொடுத்து அனுப்பியாயிற்று என்றார். சரி என்று உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். அக்காவின் நகல்கள் மூன்று எழுதி வைத்திருந்தேன். மூன்றும் இருந்தன. குள்ளச்சியைக் காணோம்.

பஞ்சாங்கத்தைத் தலைகீழாக உதறினேன். அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். போய்விட்டாள். எண்பத்து நாலு வயதுக் குள்ளச்சி, மலையைக் குடைகிறவள், சுந்தரபாண்டியபுரத்துக்குப் பெண்ணாகப் போய்விட்டாள்.

தமிழ் வருஷத்துக்கு அறுபதுதான் பெயர். அறுபதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. குள்ளச்சி பிறந்தது சார்வரி. அறுபது வருஷம் கழித்து வந்த அடுத்த சார்வரியில், அதே தை மாதத்தில் பிறந்தவள் என் அக்கா. அவளுக்கு இருபத்து நாலு. தாளில் இங்கிலீஷ் தேதி கிடையாது. படிக்கிறவர்களுக்கு இருபத்து நாலு வயதுப் பெண்ணின் ஜாதகமாகத்தானே தெரியும்!

மறுநாள் மாடியில் அழுதுகொண்டே சொன்னேன். ஜோசியர் மகள் முகம் வெளிறிவிட்டது. "குருவும் சனியும் அறுபது வருஷத்துக்கு ஒருக்க அதே இடத்துக்கு வந்து நிக்கும்ட்டி. ரெண்டு தையிலயும் தனுசுலதான். மேலோட்டமா பாத்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. ராகுவக் கவனிச்சாத்தான் வயசு இடிக்கும். கவனிக்கிற ஜோசியன்னா அம்புட்டுத்தான். கவனிக்கலன்னா அதவிட மோசம். எட்டுல செவ்வா இருக்கவள சுத்த ஜாதகக்காரன் தலையில கட்டினா அவன் உசுருக்கு ஆரு பொறுப்பு?" அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பிக்கை இல்லாத மாதிரி மாடியில் பேசுகிற நானும் அந்த நிமிஷம் முழுக்க நம்பினேன்.

"இன்னைக்கே உங்க வாப்பாகிட்ட சொல்லிரு" என்றாள் துபாய்க்காரி; அவள் வீட்டில் அப்பாவை வாப்பா என்பார்கள். "நாள் ஆக ஆக இது பெரிசாகும்."

"எங்க அப்பாகிட்ட என்னன்னுட்டி சொல்ல? குள்ளச்சி ஜாதகத்தக் குடுத்துட்டீங்கன்னா? பைத்தியம் பிடிச்சிருக்குன்னு எனக்கு வேப்பிலை அடிப்பாரு."

சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினைந்து நாள் போயிற்று. சோறு இறங்கவில்லை. அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கார்டு வராமல் கவர் வந்தது. எட்டுப் பொருத்தம், ரொம்ப திருப்தி. அவர்கள் ஜோசியர் தனித்தாளில் எழுதிக் கொடுத்த பொருத்தமும் கூட இருந்தது. நான் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'பெண் நட்சத்திரம்: உத்திரம்.' அக்கா நட்சத்திரம் திருவாதிரை. பெற்ற அப்பாவுக்குத் தெரியாதா? அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் படித்தார். இதோ இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று நிற்கிறேன்.

"பொருத்தம் நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழக்கமாகப் பொருத்தத் தாள் வந்தால் அப்பா நம் ஜோசியரிடமும் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்தத் தடவை காட்டவில்லை. அவர் கவனிக்கவில்லையா, கவனித்துவிட்டு முழுங்கிக்கொண்டாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

மாடியில் விளையாட்டையும் என்னால் தொடர முடியவில்லை. குள்ளச்சி அப்போது குகைக்குள் ஒரு பெரிய சிலந்தியிடம் கடிபட்டு நின்றாள். விஷம் ஏறுமா ஏறாதா என்று நான் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். "உருட்டு, குள்ளருக்கு அதுல சலுகை உண்டு, பிழைச்சிருவ" என்றாள் துபாய்க்காரி. பகடையைக் கையில் எடுத்தேன். அவள் செத்துப்போனால்? அவள் ஜாதகம் இப்போது அக்கா ஜாதகம் அல்லவா? பகடையைக் கீழே வைத்துவிட்டேன். "அப்ப வேற இனம் எடுத்துப் புதுசா ஆரம்பி" என்றாள். அதற்கும் மனசு வரவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. முறையாக வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்குக் குறைச்சல். அருவிக்கு அவர்களும் வருவார்கள், நாமும் போவோம், தற்செயலாகப் பார்த்த மாதிரி பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் குளிக்கப் போனோம், குளித்தோம், அவ்வளவுதான். ஐந்தருவியில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்தோம். மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு நின்றார். நல்ல மனுஷன் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஆள் என்னால் செத்துப்போகப் போகிறார் என்று தோன்றியது.

பெண்கள் துணி மாற்றும் மறைப்பில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். ஈரப் பாவாடையோடு நின்று, பல் கிட்டிக்கப் பஞ்சாங்கத்திலிருந்து சிலந்தி வரை ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நான் அறைக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி கூறுகெட்டவளே, அப்பா அண்ணாச்சிகிட்ட பேசிக்கிட்டே 'உள்ள இருந்து ஒண்ணு எடுத்துட்டு வா'ன்னு ஆருகிட்ட சொன்னாருன்னு நினைச்ச?" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். பாத்துத்தான் எடுத்தேன். உன் நோட்டையும் படிச்சிருக்கேன். குள்ளச்சி, எம்பத்தி நாலு வயசு, இருட்டுல கண்ணு தெரியும். ஒரு நாளு என்னையும் விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டேனே, கூட்டிட்டுப் போனியா நீ?"

"அக்கா, அவருக்கு ஏதாவது ஆயிருச்சின்னா..."

"நான் என்ன கொலைகாரியாட்டி?" அவள் குரல் உடைந்துவிட்டது. "நான் ஆரை என்ன பண்ணினேன்? ஒவ்வொரு கார்டுலயும் அவன் உசுருக்கு ஆகாது, இவன் உசுருக்கு ஆகாது. ஒருத்தனாவது என் மூஞ்சியப் பாத்தானா? எனக்கு மனுஷியா இருந்து ஒண்ணும் நடக்கல. குள்ளச்சியா இருந்துட்டுப் போறேன், போ." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ வரைஞ்ச படத்துல அந்தப் பொம்பளைக்கும் தாடி போட்டிருக்கியே, அது மட்டும் வராம பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்து, அழுது, அவள் முதுகில் ஈரத் துணியைப் பிழிந்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம். அத்தான் ஜாதகத்தோடு சேர்த்துக் குள்ளச்சி ஜாதகமும் அந்த வீட்டுப் பீரோவுக்குப் போயிற்று. அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. சளி பிடித்தது, சரியாயிற்று. ஒவ்வொரு சளிக்கும் நான் இங்கே செத்துப் பிழைத்தேன். மாமியார் நல்லவர், பக்தி அதிகம். மாதாமாதம் மருமகளின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணுவார், உத்திரத்துக்கு. எங்கள் வீட்டில் திருவாதிரை என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. முன்பெல்லாம் மாதா மாதம் அந்த நட்சத்திரத்தில் அம்மா கோயிலுக்குப் போய் வருவாள். அது நின்றுபோனது. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் மாதம் கால் வீங்கியது, தலைவலி என்றாள், ஒரு நாள் காலையில் கண் செருகி வெட்டிழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. இரண்டு உயிரும் நிச்சயமில்லை என்பதை அவர் சொல்லாமலே சொன்னார். தகவல் கிடைத்து மாமியாரும் அத்தானும் வந்து சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மாமியார் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. "நான் உலகம்மன்கிட்ட போயிட்டு வாரேன், நீயும் வாட்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவை அங்கே காணவில்லை. பணம் புரட்டப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் திரும்பக் கட்டப்படாமல் மொட்டையாகத்தான் நின்றது. வாசலில் அடிக்கிற காற்றில் மாமியாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். உலகம்மன் சந்நிதியில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மாமியார் அக்கா பெயரைச் சொல்லி, "உத்திர நட்சத்திரம், சாமி, நல்லா கேட்டுக்கிடுங்க, உத்திரம்" என்று அழுதார். குருக்கள் உள்ளே போய்ச் சொன்னார். அக்கா பெயரில், எண்பத்தைந்து வயதுக் குள்ளச்சிக்கு அர்ச்சனை நடந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் போட்டுக் கிடக்கிறவளுக்கு யார் கேட்கிறார்கள்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குருக்கள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன். சத்தியம் பண்ணியிருந்தேன். பக்கத்தில் மாமியார் கண்ணை மூடி நின்றார். அவரிடம் இன்று, இந்த நேரத்தில், என்னவென்று சொல்ல? சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் செத்தவள் மேல் பழி வேறு விழும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மாமியார் பிராகாரம் சுற்றப் போனதும், அரை ஓட்டமாகச் சுவாமி சந்நிதிக்கு ஓடினேன். கையில் தட்டுகூட இல்லை. அங்கே இருந்த வயதான குருக்களிடம் மூச்சு வாங்க அக்கா பெயரைச் சொன்னேன். "திருவாதிரை, மிதுன ராசி. தேங்காய் வாங்கல. சும்மா சொன்னாப் போதும் சாமி."

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான்ம்மா பண்ணினேன். இதே பேரு, இதே நட்சத்திரம். என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாரு. அந்தா உக்காந்திருக்காரு பாரு" என்றார்.

தூணுக்குப் பின்னால் தரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் உடைத்த தேங்காய். என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். கண்ணாடியைத் துடைத்தாரே, அன்றைக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா மாமியார் வாரதுக்குள்ள அந்தப் பக்கம் போயிரு" என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மத்தியானம் அக்கா கண் விழித்தாள். உதடெல்லாம் கடிபட்டுக் கறுத்திருந்தது. அத்தான் கட்டில் பக்கத்தில் நின்று, "உன் நட்சத்திரத்துக்கு அம்மா உலகம்மன்கிட்ட அர்ச்சனை பண்ணினா" என்று குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். அக்கா சரி என்று தலையை அசைத்தாள். அவர் குழந்தையைப் பார்க்க வெளியே போனார். அதன் பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"எனக்கு?" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்பா போனாரு. திருவாதிரைக்குப் பண்ணினாரு."

அக்கா கண்ணிலிருந்து காதுப் பக்கமாக நீர் ஓடியது. ஜோசியம் ஜாதகம் எல்லாவற்றையும் கேலி பண்ணியவள் அவள். எவ்வளவு நாளாக அதைக் கேட்கக் காத்திருந்தாளோ!

"சத்தமா சொன்னாராட்டி?"

"ஆமா" என்றேன். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு."